கவுன்சிலில் தோற்ற தரப் புகாரை என்சிஎல்டி-யில் மறுபடியும் கிளப்புகிறார்கள்: தடுக்க வழி உண்டா?

காஸ்டிங் பட்டறை, கோவை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் சின்ன ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். பம்ப்புக்கான இம்பெல்லர், கேசிங் ஊற்றிக் கொடுப்பது தொழில். சென்னையில் பதிவு அலுவலகம் உள்ள ஒரு பம்ப் கம்பெனிக்கு 2018 ஆகஸ்ட் முதல் 2019 பிப்ரவரி வரை சரக்கு அனுப்பினேன். வரவேண்டியது அசல் மட்டும் 1 கோடியே 12 லட்சம்.

பணம் கேட்டு நான்கு முறை மெயில் போட்ட பிறகு, 2019 மார்ச்சில் ஒரு பதில் வந்தது. 340 இம்பெல்லரில் புளோஹோல் (வார்ப்பில் காற்றுக் குமிழ் ஓட்டை) இருக்கிறதாம், அதனால் மொத்தப் பணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். சரக்கு உள்ளே போய் ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போட்ட நாளிலிருந்து அதுவரை ஒரு வார்த்தை இல்லை.

சிறுதொழில் சட்டப்படி, சப்ளையருக்கு வராத பாக்கியை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போனேன். சமரசம் தோற்று, ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) நடந்தது. இரண்டு தரப்பும் வக்கீல் வைத்து முழுதாக வாதாடினோம். ரிஜெக்ட் ஆன 340 பீஸையும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். ஒன்றுகூட வரவில்லை. நான் ஊற்றும் ஒவ்வொரு காஸ்டிங்கிலும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் ஊற்றியது என்ற எண்) இருக்கும். அவர்கள் மெயிலில் எழுதியிருந்த ஹீட் நம்பர்கள் என் உலை ரிஜிஸ்டரிலேயே கிடையாது. 2022 ஜூனில் அவார்டு (நடுவர் தீர்ப்பு) என் பக்கம் வந்தது. தரக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்று தனிப் பத்தியே எழுதியிருக்கிறார்கள்.

பணம் வரவில்லை. 2024 பிப்ரவரியில் ஐபிசி (திவால் சட்டம்) செக்‌ஷன் 8 நோட்டீஸ் அனுப்பினேன். பத்து நாள் முடிவதற்குள் பதில் வந்தது. அதே 340 பீஸ், அதே புளோஹோல், அதே மெயிலின் நகல். "டிமாண்ட் நோட்டீசுக்கு ஐந்து வருடம் முன்பே தகராறு இருக்கிறது, ஆகவே மனு செல்லாது" என்கிறார்கள். இப்போது என்சிஎல்டி-யில் (கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) என் திவால் மனுவுக்குக் கவுண்ட்டரும் (எதிருரை) அப்படியே போட்டிருக்கிறார்கள்.

மூன்று வருடம் அலைந்து ஒரு கேள்விக்குப் பதில் வாங்கினேன். அதே கேள்வியை இன்னொரு மேசையில் வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா? இதற்கு முடிவே கிடையாதா?

---

வக்கீல் மேசை

சார், உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். எல்லாமே அதில்தான் நிற்கிறது. அவார்டை எதிர்த்து அவர்கள் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் செக்‌ஷன் 34-ல் மனு போட்டார்களா? போட்டிருந்தால் அது என்ன ஆயிற்று? அதன் பிறகு செக்‌ஷன் 37-ல் மேல்முறையீடு போனார்களா? தேதிகளோடு சொல்லுங்கள்.

---

காஸ்டிங் பட்டறை, கோவை

34 மனு போட்டார்கள் சார். அவார்டு நகல் அவர்கள் கைக்குப் போனது 2022 ஜூன் கடைசி வாரம். மனு போட்டது டிசம்பர் நடுவில். மனுவோடு கட்ட வேண்டிய, அவார்டுத் தொகையில் 75 சதவீதத்தையும் கட்டவில்லை. காலதாமதம் என்று 2023 ஆகஸ்டில் கோர்ட் தள்ளிவிட்டது. அதற்கு மேல் எதுவும் போடவில்லை. போன மாதம்கூட ஹைகோர்ட் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

---

வக்கீல் மேசை

அப்படியானால் நீங்கள் நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள். விளக்கமாகச் சொல்கிறேன், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

சரக்கோ சேவையோ கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நிற்பவர் ஐபிசி-யில் ஆபரேஷனல் கிரெடிட்டர். அவர் செக்‌ஷன் 9-ல் மனு போட்டால், "இந்தக் கடனில் ஏற்கெனவே தகராறு உண்டு" என்று எதிர்த்தரப்பு காட்டினாலே போதும், மனு விழுந்துவிடும். வங்கி போன்ற ஃபைனான்ஷியல் கிரெடிட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. செக்‌ஷன் 7-ல் கடன் தவறியதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இதை இன்னோவென்டிவ் வழக்கில் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்த மாதமே மொபிலாக்ஸ் - கிருசா தீர்ப்பு வந்தது. இன்று செக்‌ஷன் 9 போடும் ஒவ்வொருவரும் முட்டிக்கொள்ளும் சுவர் அதுதான். தகராறு பற்றி வழக்கோ ஆர்பிட்ரேஷனோ நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, நோட்டீசுக்கு முந்தைய கடிதத்தில் இருந்தாலே போதும் என்று அதில் முடிவானது. கடன்பட்டவர் தன் வாதத்தில் ஜெயிப்பார் என்று காட்டத் தேவையில்லை. மேற்கொண்டு விசாரிக்கத் தக்க வாதமாக இருந்தால் சரி. உங்கள் எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மெயில் 2019, நோட்டீஸ் 2024, ஆகவே முன்பே இருந்த தகராறு என்று தேதிக் கணக்குக் காட்டுகிறார்கள்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு. தகராறு நிஜத்திலேயே இருக்க வேண்டும். போலியானது, கற்பனையானது, ஆதாரமில்லாத வெறும் கூற்று எதுவும் கணக்கில் வராது. நெல்லையும் பதரையும் பிரித்துப் பார்ப்பது தீர்ப்பாயத்தின் வேலை என்று நீதிபதி நாரிமன் எழுதினார். சட்டம் கேட்பது தகராறு "இருக்கிறதா" என்று. நோட்டீஸ் கைக்கு வந்த நாளில் அது உயிரோடு இருந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 2019-ல் பிறந்ததற்கு 2022-ல் அவார்டு வந்தது, 2023-ல் 34 மனுவும் விழுந்து தீர்ந்தது. நோட்டீசுக்கு முன்பே பிறந்தது என்றால், நோட்டீசுக்கு முன்பே முடிந்தும் போய்விட்டது.

இனி உங்களுக்கு மிக முக்கியமான தீர்ப்பு. கே. கிஷன் - விஜய் நிர்மாண், 2018 ஆகஸ்ட். அதில் அவார்டு வந்த பிறகு கடன்பட்டவர் 34 மனு போட்டிருந்தார், அது நிலுவையில் இருந்தது. அவார்டோடு தகராறு முடிவதில்லை, 34-ம் 37-ம் முடியும் வரை தொடர்கிறது என்று சொல்லி, இன்சால்வென்சி (திவால்) மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைப் படித்துவிட்டுப் பலர் அவார்டு கையில் இருந்தால் ஐபிசி பக்கமே போகக் கூடாது என்று நினைக்கிறார்கள். தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். 34 மனு 90 நாளும் அதற்கு மேல் 30 நாளும் தாண்டிப் போடப்பட்டு, காலாவதி என்று தெளிவாகத் தெரியும் வழக்குகளில் இன்சால்வென்சி நடவடிக்கை போகலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை எண்ணிப் பாருங்கள். 120 நாள் எப்போதோ போய்விட்டது.

தாமதம் என்று 34 மனுவைத் தள்ளினால் அதை எதிர்த்து 37-ல் மேல்முறையீடு போகலாம் என்பதை 2021 பிப்ரவரியில் சின்டெல்ஸ் வழக்கு உறுதி செய்தது. கமர்ஷியல் கோர்ட் சட்டப்படி அதற்கு 60 நாள். அவர்களுக்குக் கதவு இருந்தது, போகவில்லை. ஆக அவார்டு இறுதியாகிவிட்டது.

---

ஆடிட்டர் மேடம்

சட்டத்தை வக்கீல் சார் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன். தீர்ப்பாயத்தில் வாதத்தைவிட எதிர்த்தரப்பின் சொந்தக் கணக்கு பேசுவது வலுவாக இருக்கும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், வாயால் தகராறு சொல்கிற கம்பெனி பெரும்பாலும் அதைத் தன் புத்தகத்தில் எழுதுவதில்லை.

முதலில் ஜிஎஸ்டி. உங்கள் இன்வாய்சுக்கு அவர்கள் ஐடிசி (கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவு) எடுத்தார்களா? சரக்கு மோசம் என்றால் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், டெபிட் நோட் போட்டிருக்க வேண்டும். அதோடு, 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த ஐடிசி-யை வட்டியோடு திருப்ப வேண்டும். எதையும் செய்யாமல் முழு வரவையும் அனுபவித்துவிட்டு, சரக்கில் ஓட்டை என்பதை யார் ஏற்பார்கள்?

அடுத்தது எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) போர்ட்டல். நூறு ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். ஏஓசி-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தில் இருக்கும் பேலன்ஸ் ஷீட்டை எடுங்கள். பேலன்ஸ் ஷீட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஷெட்யூல் 3, 2021 ஏப்ரலிலிருந்து மாறிவிட்டது. டிரேட் பேயபிள்ஸ் (சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது) எத்தனை நாள் பாக்கி என்று அட்டவணை போட வேண்டும். அதில் நான்கு வரி இருக்கும்: எம்எஸ்எம்இ (சிறுதொழில்), மற்றவர்கள், தகராறில் உள்ள எம்எஸ்எம்இ பாக்கி, தகராறில் உள்ள மற்றவர் பாக்கி. மூன்றாவது வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அட்டவணையில் சப்ளையர் பெயர் இருக்காதுதான். ஆனால் அந்த வரி காலியாக இருந்தால், எந்தச் சிறுதொழில் சப்ளையரோடும் தகராறு இல்லை என்று இயக்குநர்களும் ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்.

எம்எஸ்எம்இ-1 என்று அரையாண்டு ரிட்டர்ன் ஒன்றும் உண்டு, 45 நாள் தாண்டிய பாக்கியைக் காட்டுவது. தாமதத்துக்கு என்ன காரணம் எழுதினார்கள் என்பதையும் தேடுங்கள்.

---

ஃபைனான்ஸ் மேனேஜர்

எல்லோரும் கடன் கொடுத்தவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் மறுபக்கத்தில் உட்கார்ந்தவன். கோவை நண்பருக்கு எதிராகச் சொல்லவில்லை. அவர் வழக்கில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் "ஒருமுறை தள்ளிய வாதத்தைத் திரும்பப் பேசவே கூடாது" என்று பொதுவாக வைத்தால் நல்ல கம்பெனிகளும் அடிபடும்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பாய்லர் வாங்கினோம். ஒப்பந்தத்தில் சொன்ன நீராவி அளவு வரவில்லை. ஆறு மாதம் சப்ளையரின் ஆட்களே வந்து வந்து சரிபார்த்தார்கள், சைட் ரிஜிஸ்டரில் அவர்கள் கையெழுத்தே இருக்கிறது. கடைசித் தவணையை நிறுத்தினோம். செக்‌ஷன் 9 போட்டார்கள். எங்கள் பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய், நாங்கள் ஆஜராகாமலேயே மனு ஏற்கப்பட்டுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கம்பெனியைப் பொறுப்பெடுக்க நியமிக்கப்பட்ட தீர்வு அலுவலர் வந்து செக் புக்கைக் கேட்டார். சனிக்கிழமை சம்பளம் போட முடியவில்லை. இருநூறு குடும்பம். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி மூச்சு விடுவதற்குள் இரண்டு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனது.

அந்த வழக்கிலும் "தகராறு இல்லை" என்று உத்தரவில் எழுதியிருந்தது. யாரும் எங்கள் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. அதையும் முடிந்த தகராறு என்று சொல்வீர்களா? என்சிஎல்டி சாட்சியை விசாரிப்பதில்லை, குறுக்கு விசாரணை கிடையாது. மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளியதை எப்படி இறுதித் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்வது?

---

வக்கீல் மேசை

மேனேஜர் சார் தொட்டிருக்கும் இடம்தான் இந்த இழையிலேயே கவனமாகப் பேச வேண்டிய இடம். அவர் சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கே தள்ளப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் அதன் கனம். கவுன்சிலோ சிவில் கோர்ட்டோ சாட்சி கேட்டு, ஆவணம் பார்த்து, "சரக்கில் குறை இல்லை" என்று முடிவு செய்தால் அது அந்தக் கேள்விக்கே பதில். அதற்கு மேல் எங்கு போனாலும் கட்டும். என்சிஎல்டி தள்ளும்போது அது தீர்மானிப்பது வேறு ஒன்றை: இன்சால்வென்சியை நிறுத்தும் அளவுக்கு நம்பத்தக்க தகராறு இருக்கிறதா என்பதை மட்டும். சரக்கு நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்பு எழுதுவதில்லை.

அதற்காக அந்த நடவடிக்கைக்குள்ளேயே ஒரே வாதத்தை வாய்தாவுக்கு ஒருமுறை வைக்கலாம் என்றும் ஆகாது. ஒரே வழக்கின் முந்தைய கட்டத்தில் முடிவான விஷயத்தை அடுத்த கட்டத்தில் கிளறக் கூடாது என்று 1960-லேயே சத்யத்யான் கோசல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீடு போகும் உரிமை மட்டும் பாதிக்கப்படாது.

உங்கள் பாய்லர் கதை மாதிரி, நோட்டீஸே வராமல் உத்தரவு வந்தால் திரும்பப் பெறச் சொல்லி அங்கேயே மனு போடலாம். 2023 மே மாதம் என்சிஎல்ஏடி-யின் (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) ஐந்து உறுப்பினர் அமர்வு இதைத் தெளிவாக்கியது. உத்தரவைத் திரும்பப் பெறும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு, மறுசீராய்வு செய்யும் அதிகாரம் இல்லை. நோட்டீஸ் சார்பு செய்யாதது, மோசடி, இவை திரும்பப் பெறுவதற்கான காரணங்கள். "நீங்கள் தப்பாக முடிவு செய்தீர்கள், மறுபடி கேளுங்கள்" என்பது மறுசீராய்வு. நடைமுறையில் இரண்டாவதற்கு முதலாவதின் சட்டையை மாட்டித்தான் கொண்டுவருகிறார்கள். அதைக் கண்டுபிடித்து எதிர்ப்பது நம் வேலை.

---

ஹைகோர்ட் ரிட்டயர்டு

நான் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் இன்சால்வென்சி பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐபிசி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்கள் காலத்தில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்றால் ஊரே பேசும். ஐ.பி. போட்டவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

நீங்கள் பேசுகிற விஷயம் பழைய 1909-ம் வருட பிரசிடென்சி டவுன்ஸ் இன்சால்வென்சி சட்டத்திலேயே அழகாக இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? கடன் கொடுத்தவன் கையில் டிக்ரி இருந்தால் இன்சால்வென்சி நோட்டீஸ் எடுக்கலாம். கடன்பட்டவன் அதை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். எந்தக் காரணத்துக்கு? தனக்கு எதிர்க்கோரிக்கை இருக்கிறது, அது டிக்ரி தொகைக்குச் சமம் அல்லது அதிகம், அதோடு அதை அந்த வழக்கில் எழுப்பச் சட்டப்படி வழியில்லாமல் போயிற்று என்று காட்ட வேண்டும். மற்ற காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். அங்கே சொல்லியிருக்கக்கூடியதை இங்கே வந்து சொல்லாதே என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கட்டுக் கட்டாக இப்படிப்பட்ட மனுக்களை நம்பர் போட்டிருக்கிறேன். முக்கால்வாசி, வழக்கில் தோற்ற எதிருரையை அப்படியே தட்டச்சு அடித்துக் கொண்டுவந்ததாக இருக்கும். சில நேரம் வழக்கு எண்ணைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன செய்தி. அந்தச் சட்டத்தில் ஆர்பிட்ரேஷன் அவார்டை வைத்து நோட்டீஸ் எடுக்க முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் பதேஜா வழக்கில் சொல்லிவிட்டது. அவார்டு டிக்ரி ஆகாது என்று காரணம். கோவைத் தம்பி அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவார்டோடு இந்த வாசலுக்கே வந்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறுதி இறுதி என்று பேசும்போது செங்கல்வராய நாயுடு வழக்கையும் மறக்காதீர்கள். 1993 தீர்ப்பு, நம் ஹைகோர்ட்டிலிருந்து போன வழக்கு. தன் கையால் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை மறைத்துவிட்டுப் பாகப்பிரிவினை டிக்ரி வாங்கினார் ஒருவர். மோசடியால் வாங்கிய தீர்ப்பு எந்தக் கோர்ட்டிலும் செல்லாது, எந்த நிலையிலும் அதைக் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கும். இருக்கவும் வேண்டும்.

---

குரோய்டன் தமிழன்

லண்டன் பக்கத்தில் ஒரு சட்ட அலுவலகத்தில் இன்சால்வென்சி கோப்புகளைப் பார்க்கிறேன். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், டர்னர் கோட்பாடு என்று. இங்கே அது எப்படி நடக்கிறது என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தனிநபர் கடன்பட்டிருந்தால் கடன் கொடுத்தவர் முதலில் ஸ்டாச்சுட்டரி டிமாண்ட் (பணம் கேட்டுச் சட்டப்படியான நோட்டீஸ்) கொடுப்பார். 21 நாளில் கட்ட வேண்டும். கடனில் தகராறு இருந்தால் 18 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யச் சொல்ல வேண்டும். தகராறு வலுவானது என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் ரத்து, இல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் திவால் மனு போடலாம். கடன் குறைந்தது 5,000 பவுண்டு இருக்க வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரே வாதத்தை இரண்டு இடத்தில் வைக்க வாய்ப்பு தானாகவே உண்டாகிறது. டிமாண்டை ரத்து செய்யும் மனுவில் ஒருமுறை, திவால் மனு விசாரணையில் மறுமுறை. 2000-ம் ஆண்டு டர்னர் என்பவருக்கும் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கும் நடந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அடைத்தது. முதல் இடத்தில் சொல்லித் தோற்றதை, இடையில் நிலைமை எதுவும் மாறாதபோது, இரண்டாவது இடத்தில் சொல்ல முடியாது. இதை முன்தீர்ப்புத் தடை (தீர்ப்பான விஷயத்தை மறுபடி வழக்காக்க முடியாது என்ற விதி) என்று அவர்கள் சொல்வதில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் டிமாண்ட் மனுவில் கடன் உண்டா இல்லையா என்று யாரும் இறுதியாகத் தீர்மானிப்பதில்லை. கோர்ட் நேரமும் எதிராளி பணமும் வீணாகக் கூடாது என்பதுதான் அடிப்படை. 2017-ல் ஹார்வி - டன்பார் வழக்கில் ஒரு ஜாமீன்தாரர் விஷயத்தில் இதையே மறுபடி உறுதி செய்தார்கள்.

மேனேஜர் சார் கேட்ட கேள்விக்கு இதில் ஓரளவு பதில் இருப்பதாக நினைக்கிறேன். மேலோட்டமான விசாரணையில் தோற்ற வாதம் கடனைப் பற்றிய இறுதித் தீர்ப்பு ஆகிவிடாது. ஆனாலும் அதே பாதையில் அடுத்த கட்டத்தில் வந்து அதையே சொல்ல முடியாது. புதிதாக ஏதாவது இருந்தால் கொண்டுவரலாம்.

கம்பெனிகளுக்கு இங்கே ரத்து செய்யும் மனு என்ற கட்டமே கிடையாது. நேராக மனுவைத் தடுக்கச் சொல்லி இன்ஜங்‌ஷன் கேட்க வேண்டும்.

---

ஃபைனான்ஸ் மேனேஜர்

நன்றி. "புதிதாக என்ன இருக்கிறது" என்பதை உரைகல்லாக வைத்தால் எனக்கும் சம்மதம். பாய்லர் விஷயத்தில் எங்கள் ரிஜிஸ்டர் யார் பார்வைக்கும் போனதே இல்லை. கோவை நண்பரின் எதிர்த்தரப்பு கவுன்சிலில் காட்டாத எதை இப்போது காட்டுகிறது? ஒன்றும் இல்லை. அது வேறு, இது வேறு.

ஆனால் ஒன்று. இந்த விதி இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். தோற்ற வாதத்தை மறுபடி கொண்டுவருவது கடன்பட்டவர் மட்டுமில்லை. ஆந்திர மின் பரிமாற்றக் கழகத்தின் மேல் ஒரு கேபிள் கம்பெனி போட்ட வழக்கைப் பாருங்கள், 2018 அக்டோபர் தீர்ப்பு. ஹரியானா சிறுதொழில் கவுன்சில் முன்பு வைத்த இன்வாய்ஸ்களில் ஒரு பகுதி காலாவதி என்று தள்ளப்பட்டுவிட்டது. அந்தத் தள்ளிய இன்வாய்ஸ்களுக்கே பணம் கேட்டு ஐபிசி-யில் வந்தார்கள். கட்டாவிட்டால் மனுவை ஏற்போம் என்கிற மாதிரி என்சிஎல்ஏடி சொல்ல, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணம் வசூலிக்கும் குறுக்கு வழியாக இந்தச் சட்டத்தை ஆக்காதீர்கள் என்று சொன்னது. கவுன்சிலில் தோற்றதை இன்சால்வென்சியில் கேட்டவர் அங்கே கடன் கொடுத்தவர்தான்.

---

சட்டக் கல்லூரி, நான்காம் ஆண்டு

ஐயா, ஒரு சந்தேகம். செக்‌ஷன் 9 மனு "தகராறு இருக்கிறது" என்று தள்ளுபடி ஆனால், கடன் கொடுத்தவர் அதன் பிறகு சிவில் வழக்கு போட முடியுமா? அதுவும் முன்தீர்ப்புத் தடையில் வருமா?

---

வக்கீல் மேசை

போடலாம் அம்மா. நான் மேலே சொன்னதன் மறுபக்கம் அது. தகராறு விசாரிக்கத் தக்கது என்று மட்டும்தானே தீர்ப்பாயம் சொன்னது? கடன் இல்லை என்று சொல்லவில்லையே. விசாரிக்கத் தக்க இடத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம். கால வரையறையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

காஸ்டிங் பட்டறை, கோவை

ஆடிட்டர் மேடம், உங்கள் காலில் விழ வேண்டும். நேற்று இரவு என் மகள் உட்கார்ந்து நூறு ரூபாய் கட்டி எல்லாவற்றையும் இறக்கினாள். 2021-22, 2022-23 இரண்டு வருட பேலன்ஸ் ஷீட்டிலும் டிரேட் பேயபிள்ஸ் அட்டவணை இருக்கிறது. எம்எஸ்எம்இ வரியில் மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி என்ற கட்டத்தில் 1.31 கோடி. என் 1.12 அதற்குள் அடங்கும். தகராறில் உள்ள எம்எஸ்எம்இ பாக்கி என்ற வரியில் இரண்டு வருடமும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருடமாக என் காஸ்டிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் புத்தகத்தில் ஒரு எழுத்துகூட அப்படி எழுதவில்லை.

டெபிட் நோட்டும் எனக்கு ஒன்றுகூட வரவில்லை. அவார்டு வழக்கிலேயே அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

---

ஆடிட்டர் மேடம்

நல்லது. எம்சிஏ-யில் சான்றளிக்கப்பட்ட நகலுக்கும் தனியாக விண்ணப்பித்துவிடுங்கள், இறக்கிய பிரதியை மட்டும் நம்பாதீர்கள். பேலன்ஸ் ஷீட்டில் பாக்கியைக் காட்டுவது கடனை ஒப்புக்கொள்வதாகவும் ஆகலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கால வரையறை பற்றி எதிர்த்தரப்பு பேச ஆரம்பித்தால் அது கைகொடுக்கும்.

---

வக்கீல் மேசை

ரிஜாய்ண்டரில் (கவுண்ட்டருக்கு நீங்கள் போடும் பதில்) இந்த வரிசையில் வையுங்கள். முதலில் அவார்டின் தரக்குறைவு பற்றிய பத்தி. அதன் பக்கத்திலேயே அவர்கள் கவுன்சிலில் போட்ட எதிருரையையும் இப்போதைய கவுண்ட்டரையும் வரிக்கு வரி பொருத்தி ஒரு அட்டவணை. உறுப்பினர் ஒரு பார்வையில் பார்த்தாலே ஒன்றுதான் என்று தெரிய வேண்டும். அடுத்து 34 மனுவின் தாக்கல் தேதி, தள்ளுபடி உத்தரவு, 37 இல்லை என்பதற்குப் பதிவாளர் அலுவலகச் சான்று. பேலன்ஸ் ஷீட் கடைசியில். முதலிலேயே பேலன்ஸ் ஷீட்டைக் காட்டினால் விவாதம் மறுபடி "தகராறு நிஜமா" என்று போய்விடும், அதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். தகராறு தீர்ந்துவிட்டது என்பது உங்கள் முதல் வரி.

இன்னொன்றையும் மாற்று வாதமாக வையுங்கள். 340 பீஸும் குறையே என்று வைத்தாலும் அதன் மதிப்பு என்ன?

---

காஸ்டிங் பட்டறை, கோவை

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் சார்.

---

வக்கீல் மேசை

அதைக் கழித்தாலும் ஒரு கோடிக்கு மேல் நிற்கிறது. 2020 மார்ச் 24-லிருந்து திவால் மனுவுக்கு வேண்டிய குறைந்தபட்சக் கடன் வரம்பு ஒரு கோடிதான். அதையும் எழுதிவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். மனு ஏற்கப்பட்டால் பணம் உடனே வந்துவிடாது. மொரட்டோரியம் வரும் (கம்பெனி மேல் வழக்கு, வசூல் எல்லாம் நிற்கும்), கம்பெனி தீர்வு அலுவலர் கைக்குப் போகும். கடைசியில் அது கலைப்புக்குப் போனால், வங்கிகளுக்குப் பின்னால் வெகு தூரத்தில் நிற்பீர்கள். பெரும்பாலும் ஏற்பதற்கு முந்தைய வாய்தாவில்தான் எதிர்த்தரப்பு பேச வரும். அப்படி வந்தால் அவார்டுத் தொகை, சட்டப்படியான வட்டி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கையில் வைத்திருங்கள். இன்னொரு பக்கம் அவார்டை நிறைவேற்றும் மனுவையும் சிவில் கோர்ட்டில் உயிரோடு வைத்திருங்கள்.

---

காஸ்டிங் பட்டறை, கோவை

நிறைவேற்று மனு போட்டிருக்கிறோம் சார், நிலுவையில் இருக்கிறது. அட்டவணையை மகளும் நானும் சேர்ந்து இன்று போட்டு முடித்தோம். கவுன்சில் எதிருரையின் ஒன்பதாவது பத்தியும் இப்போதைய கவுண்ட்டரின் பதினோராவது பத்தியும் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. "வார்ப்பிரும்பு" என்பதில் அங்கே விட்ட எழுத்துப்பிழை இங்கேயும் அப்படியே இருக்கிறது. அதை மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். வாய்தா அடுத்த புதன்கிழமை. போய் வந்து எழுதுகிறேன்.